பக்ரீத் பூ

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, புஸ்ஸென்று செடியின் மேல் ஊதுகிறார் பத்ருன்னிசா. சலவைக்காரர் துணிக்குத் தண்ணீர் அடிப்பாரே, அதேபோலத்தான். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கை மட்டும் 'பொறு' என்று ஆடும். பால்காரர் நிற்பார். கணவர் ஷஃபியுல்லா பாய் சாவி கேட்டு நிற்பார். நான் வாளியும் கையுமாக நிற்பேன். செம்பு காலியான பிறகுதான் இந்த வீட்டில் மற்ற வேலை நடக்கும்.

"செம்பால ஊத்துனா அது குளிக்கும் டீச்சரம்மா, குடிக்காது. வாயால ஊதுனாதான் குடிக்கும்" என்பார். குடித்ததா இல்லையா என்பதற்கும் அடையாளம் வைத்திருக்கிறார். காற்றில் தொங்கும் வெள்ளை வேர் பச்சையாக மாறினால் குடித்துவிட்டது. மாறாவிட்டால் இன்னொரு வாய்.

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து, ஜமுனாமரத்தூரில் இவர்கள் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருக்கிறேன். ஷஃபியுல்லா பாய் மலை ஊர்களில் ஆட்டுத்தோலும் கடுக்காயும் வாங்கி, தோலுக்கு உப்புப் போட்டுக் கட்டி, லாரியில் வாணியம்பாடிக்கு அனுப்புகிறவர். கிடங்கு என்று தனியாக ஒன்று கிடையாது. வீடே கிடங்கு. முதல் மாதம் நான் சோற்றில் கைவைக்க முடியாமல் தவித்தேன். அப்புறம் மூக்கு வழிக்கு வந்துவிட்டது.

செடியை மலைக்காரர்கள் மரவாழை என்கிறார்கள்; மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் வகை. வாழைக்கும் அதற்கும் எட்டாத தூரம். புளியங்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்து விட்டத்திலிருந்து கம்பியில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் வரிசை கட்டிய நீள இலைகள். மண் இல்லை, தொட்டி இல்லை. பக்கத்துக் கொல்லைச் செந்தாமரை, காற்றில் முறிந்த புளியங்கிளையை விறகாக வெட்டிக் கொண்டுவந்து போட்டபோது கூடவே வந்தது. "உசுரோட கீறத எப்படி அடுப்புல வெக்கிறது?" என்று பத்ருன்னிசா அதைத் தனியே எடுத்து வைத்தார். முதலில் மண்ணில் நட்டு, ஆட்டுப்புழுக்கை போட்டு, வேரெல்லாம் கறுத்துப்போய் கிட்டத்தட்ட சாகடித்துவிட்டார். மறுபடி கட்டையிலேயே கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பிழைத்தது. இப்போது மழைத் தண்ணீர் பிடித்து வைக்க அண்டா, வாரம் ஒருநாள் மீன் கழுவிய தண்ணீர், மார்கழிப் பனிக்கு அடுப்படி ஓரம் என்று அதற்கு நடக்கும் உபசாரம் எனக்கு நடந்தால் நான் மாற்றல் கேட்டு மனுவே போடமாட்டேன்.

பூ பார்க்க அப்படியொன்றும் அழகில்லை. கட்டம் போட்ட லுங்கித் துணியில் கத்தரித்தாற்போல் பழுப்பு இதழ், நடுவில் ஊதா நாக்கு. ஆனால் காலை வெயில் பட்டதும் ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், தோல், உப்பு எல்லாவற்றையும் தாண்டி என் பின்கட்டு வரைக்கும் வரும். வாரக்கணக்கில் இருக்கும். அந்த நாட்களில் நான் ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

முதல் தடவை அது பூத்தது பக்ரீத் அன்று காலையில். அவ்வளவுதான், அது பக்ரீத் பூ என்று முடிவு கட்டிவிட்டார். "பிஸ்மி சொல்லித்தான் தண்ணி வெக்கிறேன். எங்க வூட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு எங்க பிறையப் பாக்காம இருக்குமா?" அடுத்த வருஷம் பக்ரீத் போய் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துப் பூத்தது. "மழ பிந்திப்போச்சு." அதற்கடுத்த வருஷம் பக்ரீத் மாதமே முடியும் தறுவாயில் பூத்தது. "ஆடு ஒரு எலையக் கடிச்சிடுச்சு. அந்தக் கோவம் அதுக்கு." பிறைக் கணக்கில் பக்ரீத் வருஷாவருஷம் முன்னால் நகர்ந்து வரும், செடிக்கு வெயிலும் மழையும்தான் கணக்கு, அது நகராது என்று நான் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "ரம்ஜானும் பக்ரீத்தும் நகர்றது எனக்குத் தெரியாதா? அதுவும் கூடவே நகரும். உங்க காலண்டருக்கு என் செடியப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டார். செந்தாமரை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஆனி பொறந்தா பூக்கும் பாயம்மா. அதுக்குப் பண்டிக இன்னா தெரியும்?" என்றார். அவருக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது.

ஒருமுறை பாய் தோல் கட்டைத் தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டார். உப்புத் தண்ணீர் தெறித்து இரண்டு வேர் கருகிப்போயிற்று. அன்று ஆரம்பித்த சண்டை, தோலெல்லாம் முன் அறையிலிருந்து வீட்டுப் பின்பக்கம் போன பிறகுதான் ஓய்ந்தது. பின்பக்கம் என்றால் என் ஜன்னலுக்கு நேர் எதிரே. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருஷம் மகள் சலீமாவைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து வந்தார்கள். தோல் தரகர் குடும்பம். செடி பூத்திருந்த சமயம். ஆண்கள் பின்பக்கம் பாயோடு வியாபாரம் பேசப் போய்விட, பெண்கள் பூவுக்குக் கீழே ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "இன்னா வாசன, அத்தரா?" என்று கேட்டார். அடுத்த வாரமே சம்மதம் என்று சேதி வந்தது. பூதான் இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தது என்பதில் பத்ருன்னிசாவுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. "அது மட்டும் இல்லைனா உள்ள வந்ததுமே முந்தானையால மூக்க மூடியிருப்பாங்க."

"அவங்களும் தோல் வியாபாரம்தானேம்மா" என்றேன்.

"அவங்களுக்குத் தோலு கிடங்குல, அத்தரு வூட்ல. நமக்கு அப்படியா?"

நிக்காஹை ரம்ஜான் கழித்து வைக்கலாம் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். பத்ருன்னிசாதான் பிடிவாதமாக, பக்ரீத் கழியட்டும், அப்போதுதான் வீட்டில் பூ இருக்கும் என்று தள்ளிவைத்தார். நிக்காஹ் பெண் வீட்டில். இந்த வருஷம் பக்ரீத் வைகாசி பிறக்கும்போதே வந்துவிட்டது. பக்ரீத் மாதம் போனால் மொஹரம், அதன் பின் சஃபர்; இந்த வீட்டில் அந்த இரண்டு மாதமும் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார்கள்.

பக்ரீத் வந்தது, போயிற்று. செடியில் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பச்சைக் கடலை மாதிரி இறுக மூடிய மொட்டுகள். பத்ருன்னிசா வெந்நீர் கலந்து ஊதினார். சாம்பிராணி காட்டினார். கட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் வெயில் போகும் பக்கமெல்லாம் கூடவே போனார். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா பாயம்மா" என்றார் செந்தாமரை. இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிக்காஹுக்கு நாள் நெருங்கியதும் பாயிடம் போய், மொஹரமும் சஃபரும் கழியட்டும், தள்ளிவைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். பாய் அதிர்ந்து பேசாத மனிதர். "பூவுக்கோசரம் நிக்காஹ தள்றேன்னு நான் எந்த மூஞ்ச வெச்சினு போய்ச் சொல்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை வேலை முடிந்து வந்தபோது தாழ்வாரத்தில் சலீமா நின்றிருந்தாள். கன்னம் உப்ப செடி மேல் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விழுங்கிவிட்டாள். "பூக்கலைனா அம்மா நெஜமாவே தள்ளி வெச்சிடும் டீச்சர்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், இது என்ன கூத்து என்று கேட்டேவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தோல் கிடங்குலேந்து பொண்ணு எடுத்தோம்னு அந்த வூட்ல யாராச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டா, ஆயுசுக்கும் அத்தக் கேட்டுனு இருக்கணும் எம் பொண்ணு. இருபது வருசமா ஒரு விருந்தாளிய நான் நிம்மதியா உக்கார வெச்சதில்ல டீச்சரம்மா. அந்தப் பூ இருந்த நாள்லதான் வாங்கன்னு வாயாரக் கூப்ட்டேன்." வரும்போது இருந்த கோபம் போய்விட்டது. உட்கார்ந்து கூட நாலு வெங்காயம் உரித்தேன்.

நாள் தள்ளவில்லை. பாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசையவில்லை. மொட்டு விரியாமலே நிக்காஹ் நடந்தது. ஊதுபத்தி, அத்தர், பிரியாணி என்று வீடு முழுக்க ஆயிரம் வாசனை. பத்ருன்னிசா மட்டும் காலையிலிருந்து பின்பக்க வாசலை மறித்துக்கொண்டு நின்றார், யாரும் அந்தப் பக்கம் போய்விடாதபடி. ஆனால் கை கழுவுகிற இடம் பின்பக்கம்தானே இருக்கிறது. சம்பந்தி அம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார் பத்ருன்னிசா. "வாட அடிக்குது, மன்னிச்சுக்கோங்க சம்பந்தி. இந்த வருசம் பூ பூக்கல."

"எந்தப் பூ?"

"போன தடவ நீங்க வந்தப்ப இருந்திச்சே, நீங்ககூட அத்தரான்னு கேட்டீங்களே."

"அது பூவா? நான் அத்தருன்னே நெனச்சினு இருந்தேன்." சம்பந்தி அம்மாள் கையை உதறிக்கொண்டு தோல் கட்டுகள் பக்கம் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு அன்னைக்கு மலை எறங்கற வரைக்கும் உங்க தோலப் பத்தித்தான் பேசினு வந்தாரு. அழுகல் வாடையே இல்ல, ஒரு தோல்லகூட உப்பு கொறைக்கல, யாரும் பாக்காத எடத்துலயே இப்படி சுத்தமா இருக்கறவரு பொண்ணையும் அப்படித்தான் வளத்திருப்பாருன்னாரு. அதுக்கப்புறம் நாங்க வேற எடமே பாக்கல."

செம்புத் தண்ணீர் முழுவதும் பத்ருன்னிசாவின் கால் மேலேயே கொட்டிப்போயிற்று. அவர் கவனிக்கவில்லை.

சலீமா போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊதுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் ஊதி முடித்ததும் அதோடு நாலு வார்த்தை பேசுவாரே, அது நின்றுபோயிருந்தது. மொஹரம் பிறந்து பத்து நாள் கழிந்து, ஆனி பிறந்த அன்று காலையில் நாலு மொட்டு விரிந்திருந்தது. வாசனை வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும், செந்தாமரை எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"ஆனியாவது கீனியாவது" என்றார் பத்ருன்னிசா, அவர் கேட்காமலே. "பொண்ணு போறாளேன்னு அழுதினு இருந்துது. இப்பதான் கண்ணத் தொறந்திருக்கு."

மறுநாள் லாரி வந்தது. இப்போது கட்டுகள் நேராகச் சம்பந்தியின் கிடங்குக்குத்தான் போகின்றன. ஆட்கள் சுமையேற்றும் நேரத்தில் வாசலுக்கு வராத பத்ருன்னிசா, அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். நாலு வருஷத்தில் ஒரு பூவைக் கிள்ள விடாதவர், பூத்த தண்டை அடியோடு அறுத்து, ஈரத்துணியும் வாழையிலையும் சுற்றிக் கையில் வைத்திருந்தார். டிரைவர் பக்கத்தில் பத்திரமாக வைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கீழே கிடந்த தோல் கட்டின் கயிற்றைத் தளர்த்தி, மேல் தோலைப் புரட்டி, உப்பின் மேலேயே அதை வைத்தார்.

"உப்புல வெக்கிறியே" என்றார் பாய், பதறிப்போய்.

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது. கட்டப் பிரிக்கறவரு மோந்து பாக்கட்டும்."

கயிற்றைத் தாமே இழுத்து முடி போட்டார். கட்டு ஏறியது, லாரி சந்தைத் தெரு முனையில் திரும்பியது. உள்ளங்கை இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கை கழுவாமலே உள்ளே போனார்.