ஐஸில் வெளுத்த புகை

போன வாரம் திருகோணமலையில் தங்கச்சி வீட்டில் இருந்தபோது, உயர்தர வகுப்பில் இரசாயனம் படிக்கிற அவள் மகள் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வாய் அடைத்த இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். சுடுநீரில் நின்ற குமிழுக்குள் புகை செம்பழுப்பாகக் கறுத்தது. ஐஸில் நின்றதில் வெளுத்து, இல்லாதது மாதிரி ஆனது.

"சூடாக்கினா புகையின்ட துணிக்கை ஒண்டு ரெண்டா உடையுது மாமா. குளிராக்கினா ரெண்டும் சேர்ந்து ஒண்டாகுது. ஆனா ஒண்டும் வெளியால போகேல்ல."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்த நிறத்தைக் கண்டதும் தொண்டை எரிந்தது. அந்தப் பாடத்தை நான் மூக்கால் படித்திருக்கிறேன்.

கந்தளாயில் நெல்மூட்டை சுமந்து, குச்சவெளியில் கரைவலை இழுத்து, எங்கும் ஆறு மாதம் தரிக்காமல், கடைசியில் துறைமுகப் பக்கம் பழைய உலோகம் வாங்கும் கொட்டில் ஒன்றில் வந்து விழுந்தேன். சுழியோடிகள் கடலுக்கடியிலிருந்து கொண்டுவரும் பித்தளையை அசிட்டில் போட்டுக் களிம்பு கழற்றுவது வேலை. சண்டை இல்லாத நாள் இல்லை. நிறை குறைத்துச் சொன்னதற்கு ஒரு சுழியோடி முதலாளியின் முன்பல்லை ஸ்பேனரால் உடைத்தான். முதலாளி இரத்தத்தைத் துப்பிவிட்டு, திரும்ப நிறுத்தார்.

என்னோடு வேலை செய்தவன் நசீர், கிண்ணியாக்காரன். நான் புகைக்கு மூக்கைப் பொத்தினால், "வாயைப் பொத்து மச்சான், ஊருக்கு நல்லது" என்பான்.

கொட்டிலில் ஒரே சட்டம்: நிறம் இருந்தால் தள்ளி நில், நிறம் போனால் கிட்டப் போ. திறந்த தொட்டிக்கு அது சரி, காற்று புகையைக் கொண்டுபோய்விடும். மூடிய போத்தலுக்கும் அதுதான் என்று நினைத்தது என் மூளை. ஒரு காலை, மிச்ச அசிட் இருந்த போத்தலுக்குள் பித்தளைத் துண்டு ஒன்று விழுந்ததைக் கவனிக்காமல் மூடியை இறுக்கிவிட்டேன். உள்ளே செம்புகை திரண்டது.

"திறக்காத! மோட்டு வேலை பார்க்காத!" என்று நசீர் கத்தினான்.

பக்கத்து மீன்வாடியில் ஐஸ் அள்ளிவந்து போத்தலைப் புதைத்தேன். புகை வெளுத்தது.

"செத்துட்டுது," என்றேன்.

"உண்மையாவா?"

"உனக்குக் கண் இல்லையா? பாரன்."

போத்தலை ஐஸிலிருந்து எடுத்து வெளியே தகரத்தின்மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வெயில் ஏறியது. ஒன்று இரண்டாக உடைந்து உள்ளே நெருக்க, பித்தளைத் துண்டும் புதுப்புகை கக்கியிருக்கிறது. நிறம் திரும்பியதை நான் காணவில்லை. நசீர் கண்டான். நிழலுக்கு எடுக்க ஓடினான்.

வெடித்த சத்தத்துக்குப் போய்ப் பார்த்தபோது நிலத்தில் புரண்டுகொண்டிருந்தான். விரல் இடுக்கால் இரத்தம் வழிந்தது. முகத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பிடித்த என் கையை எலும்பு தெரியக் கடித்தான். வலது கண்ணைக் காப்பாற்ற ஏலாது என்றார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்பி இருந்து, ஓங்கிக் குத்தினான். குத்து என் காதோரம் காற்றில் போனது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை.

"கிட்ட வா," என்றான்.

போனேன். இரண்டாவது குத்து தவறவில்லை.

கொட்டில் இருந்த இடத்தில் இப்போது ஒரு விடுதியின் மதில். சுழியோடிகள் எங்கே போனார்களோ. நசீர் கிண்ணியாவில் டயர் ஒட்டுகிறான், வருகிறவன் போகிறவனோடெல்லாம் சண்டை. நான் போனால் மட்டும் கதிரை இழுத்துப் போட்டு, மழையைப் பற்றிக் கதைக்கிறான். அவனுடைய நல்ல கண் பக்கமாக, கை எட்டுகிற தூரத்தில் இருந்தும் பார்த்துவிட்டேன். ஓங்குவதே இல்லை.