கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டி

எங்கள் வீட்டில் உள்ளே தாழ் போட்டுக்கொள்ள முடிந்த கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். சித்தூர் ஹாஸ்டலிலிருந்து அழைத்து வந்த பிறகு என் மகள் பெரும்பாலும் அதற்குள்தான் இருந்தாள். ஈரத் தரையில் பிளாஸ்டிக் ஸ்டூல், கவிழ்த்த பக்கெட், அதன்மேல் கெமிஸ்ட்ரி புத்தகம். நான் வெளியே நின்று அடிக்கடி கூப்பிடுவேன். "இருக்கியாம்மா?" "இருக்கறேம்மா." பதில் கொஞ்சம் தாமதமானாலும் கதவைத் தட்டுவேன்.

இன்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது ப்ளஸ் டூ, படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று சேர்த்த, ஹாஸ்டலோடு கூடிய கல்லூரி. ஒரு நாள் ஸ்டடி ஹாலில் மூச்சு முட்டி, கை மரத்து, பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டாள். வார்டன் போன் செய்து, கூட்டிக்கொண்டு போய் சரி செய்து அனுப்பும்படி சொன்னார், பஞ்சரான வண்டியைப் பற்றிப் பேசுவதுபோல. திருப்பதியில் நாங்கள் பார்த்த டாக்டர், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் பயந்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிவிட்டு, வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருக்கட்டும், ஆட்கள் போய் வராத இடமாக இருக்கட்டும் என்றார். என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்படி ஓர் இடம் எங்களிடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திருச்சானூர் ரோட்டுச் சந்தில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு சின்ன அறை, அவ்வளவுதான் வீடு. சின்ன அறை பெயருக்குத்தான் அறை. திருப்பதியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். மலைக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் முதலில் நம் வீட்டில்தான் இறங்குவார்கள். சாமிக்கு வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. குளித்து, சாப்பிட்டு, சுமையை இறக்கிவிட்டு மேலே போவார்கள். திரும்பும்போது லட்டுப் பை கனக்கும். அதனால் மற்றதெல்லாம் "இங்கியே இருக்கட்டும், அடுத்த தபா எடுத்துக்கறோம்." அடுத்த தடவை இன்னொரு மூட்டையோடு வருவார்கள்.

அப்படிச் சேர்ந்தவை கம்பளிகள், பாய்கள், சக்கரம் போன டிராலிப் பெட்டிகள், யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய அண்டா, போய்ச் சேர்ந்த என் மாமனாரின் வாக்கர். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவுக்குப் பின்னால் என் கணவருடைய அக்காவின் இரும்புப் பெட்டி. புத்தூர் பக்கத்தில் இருந்த பூர்வீக வீட்டை விற்றபோது அது இங்கே வந்தது. அது வந்ததிலிருந்து அந்தக் கதவு பாதிதான் திறக்கும். மூடவே மூடாது.

அந்த அறையைக் காலி செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்கள் பொருளை எடுத்துக்கொள்கிறீர்களா, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஒரு கம்பளி உனக்கு பாரமாப் போச்சா?" என்றார் ஒரு சித்தி. இன்னொருவர், "எடுத்துக் கடாசும்மா, உன் ஊடு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு என் கணவருக்குத் தனியாகப் போன் செய்து அழுதார்.

பழைய காலண்டர்கள்தான் பெரிய தொல்லை. ஒவ்வொன்றிலும் பெருமாள். கல்யாணப் பத்திரிகைகளிலும் பெருமாள். முனிசிபாலிட்டி குப்பை வண்டியில் போட யாருக்குத் தைரியம் வரும்? என் மகள் குளியலறையிலிருந்து வெளியே வந்து, அவற்றைக் கட்டாகக் கட்ட உதவினாள். கண்ணாடி உடைந்த சாமி படங்களைத் தெருக்காரர்கள் கொண்டு வைக்கிற அரசமரத்தடிக்கு இருவரும் தூக்கிப் போனோம். அங்கேயும் நிரம்பி வழிந்தது.

"சாமிக்கே எடம் பத்தலம்மா இந்த ஊர்ல" என்று சிரித்தாள். அவள் வந்த பிறகு சிரித்தது அதுதான் முதல் முறை. நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் சிரிப்பாளா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெட்டி மட்டும் பாக்கி. "அது எங்கக்கா பெட்டி. நான் கேக்க மாட்டேன். நீ பேசிக்கோ" என்று என் கணவர் ஒதுங்கிக்கொண்டார். வடமாலபேட்டையில் இருக்கும் அண்ணிக்கு நானே போன் செய்தேன்.

"அண்ணி, பாப்பாவுக்குத் தனியா ஒரு ரூம் வேணும்னு டாக்டர் சொல்றாருங்க. உங்க பெட்டிய அனுப்பட்டுங்களா?"

"அனுப்பு" என்றார்.

எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்தப் பக்கம் போகிற ஒரு லோடு ஆட்டோவில், அவருடைய இரண்டு பாய்களையும் மேலே கட்டி அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் கதவு மூடியது. துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு என் மகளே தேங்காய் எண்ணெய் விட்டாள். உள்ளே போய்ப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். அடுத்த சில நாள்கள் தூங்கினாள், படித்தாள். ஒரு காலை உள்ளேயிருந்து, "அம்மா, இன்னொரு தோசை" என்று குரல் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை சாதாரணமாகத் தோசை கேட்டதற்கு நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

சனிக்கிழமை அண்ணி வந்தார். மகன், மருமகள், மொட்டை போட வேண்டிய பேரப்பிள்ளை, கூடவே அந்தப் பெட்டி. மகனும் ஆட்டோக்காரரும் தூக்கி வந்து ஹால் நடுவில் இறக்கினார்கள். அண்ணி அதன்மேலேயே உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை.

"பொறந்த ஊட்டுப் பெட்டி திரும்பி வந்தா இன்னா அர்த்தம்னு உங்க வேலூர் பக்கத்துல சொல்லித் தரலியா?"

"அண்ணி, நான் உங்களக் கேட்டுத்தானே..."

"கேட்ட. ஒரு பொடவ வெச்சி, மஞ்ச குங்குமம் வெச்சி அனுப்பினியா? வெறும் பெட்டிய ஆட்டோல ஏத்தி, பொணத்த அனுப்பற மாதிரி அனுப்பற. தெருவே வேடிக்க பாக்குது. 'உந்தம்பி உன்னத் தல முழுகிட்டான்டி'ன்னு எங்க மாமியாரு சிரிக்கறாங்கோ."

அப்போதுதான் விளங்கியது. இந்தப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பொருள் ஏதாவது ஒன்று பிறந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பூர்வீக வீடு போன பிறகு அவருக்குப் பிறந்த வீடு என்பது எங்கள் கதவுக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு முழ இடம்தான். அதைச் சீர் வைக்காமல் திருப்பி அனுப்பினால் உறவை அறுத்ததாக அர்த்தம். அவர் நிஜமாகவே அழுதார். அழுதுமுடித்த பிறகுதான் அறை வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தார்.

"அத்தை, பெட்டி ஹால்லயே இருக்கட்டுமே. நான் நல்லாத் தொடச்சி வெக்கறேன்" என்றாள் அவள்.

"ஹால்ல வெக்கறதுக்கு நான் இன்னா வாடகைக்கா வந்துக்கிறேன்? எங்க இருந்திச்சோ அங்க வெய்யி."

"இன்னா டாக்டரம்மா," என்றான் அண்ணியின் மகன், "ஊசி போடறதுக்கு முன்னாடியே நீ பேஷண்ட் ஆயிட்டியாமே?" அவன் மனைவி குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். என் மகளும் சிரிக்க முயன்றாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். அதட்டியதைவிட அதுதான் மோசம்.

"தோ பாரு தம்பி, நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். மனசு செரியில்லாத பொண்ண உள்ள தாப்பா போட்டுக்கினு இருக்க வுட்டுக்கிறியே, நாளைக்கி எதுனா பண்ணிக்கினா கதவ ஒடைப்பியா? ஹாஸ்டல் புள்ளைங்களப் பத்தி பேப்பர்ல போடறது நீ பாக்கறதே இல்லியா?"

அவளை வைத்துக்கொண்டே சொன்னார். என் கணவர் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தார். மேலே இருந்த தாழ்ப்பாளை நின்றபடி கழற்ற வாகாக இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். என் மகள்தான் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் ஏறியபோது அது ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

நான் தடுக்கவில்லை. அண்ணி சொன்னது அவருக்கு அன்றைக்குத் தோன்றியதாக இருக்கலாம். எனக்கு அது ஒவ்வொரு நாளும் குளியலறைக் கதவுக்கு வெளியே தோன்றியதுதான். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தபோது, நடப்பது அநியாயம் என்று தெரிந்துகொண்டே, நெஞ்சின் ஓர் ஓரத்தில் ஆறுதலாகவும் இருந்தது.

அன்று அவர்கள் எல்லாரும் அந்த அறையில் படுத்தார்கள். அவள் ஹாலில், பிரிட்ஜ் பக்கத்தில் படுத்தாள். விடிவதற்குள் அவர்கள் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தால் என் மகள் தன் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொள்வது ஒரு பக்கம், கொடுப்பது ஒரு பக்கம், எறிவது ஒரு பக்கம். அறையைக் காலி செய்தபோது நான் சொல்லிக்கொடுத்த முறைதான். வைத்துக்கொள்வது ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

"காலேஜுக்குப் போறேம்மா."

"டாக்டர் இன்னும் கொஞ்ச நாள்..."

"எல்லாரோட சாமானும் இருந்திச்சி. அப்ப யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. நான் வந்தப்புறந்தாம்மா எடம் பத்தாமப் போச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள். அவள் அப்பா மத்தியானச் சித்தூர் பஸ்ஸில் கூட்டிப்போனார். போகும்போது, "படிப்பாவது கெடாம இருக்குமே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் அண்ணி மலையிலிருந்து இறங்கி வந்தார். பேரனின் மொட்டைத் தலையில் சந்தனம் மின்னியது.

"எங்க பாப்பா?"

"காலேஜுக்குப் போயிட்டா, அண்ணி."

"நான் சொன்னனா? கொஞ்சம் கண்டிச்சி வெச்சா தானாத் தெளிஞ்சிக்கும்." ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இத சித்தூருக்குக் குடுத்தனுப்பு. பாவம், அங்க இன்னாத்தத் துன்னுதோ."

அதையும் அன்பாகத்தான் சொன்னார். பெட்டி கதவுக்குப் பின்னால் போனது. பாய்களும் போயின. இரண்டு வாரத்துக்குள் கம்பளிச் சித்தியின் ஆட்களும் மலைக்கு வந்து, ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். நான் அதை ஒழுங்காக அடுக்கி வைத்தேன். இப்போது அந்த அறை முன்பைவிட நேர்த்தியாக இருக்கிறது.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன் பேச விடுவார்கள். போன வாரம் பேசினாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"தூக்கம் வருதா? மூச்சு?"

"பரவால்லம்மா."

"பண்டிகைக்கு லீவு விடுவாங்களே, அப்பாவ அனுப்பட்டுமா?"

"வந்தா எங்கம்மா படுக்கறது?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹால், சமையலறை, என் பக்கத்தில் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குள் வரிசையில் அடுத்து நின்ற பெண், "அயிபோயிந்தா?" என்று கேட்பது காதில் விழுந்தது. முடிந்ததா என்று தெலுங்கில் கேட்கிறாள்.

"அயிபோயிந்தி" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் மகள் போனைக் கொடுத்துவிட்டாள்.