ஜன்னலைப் பார்த்து ஆடிய யுத்தம்

வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மாமாக்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கு எங்கள் மேலகரத்துத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கோடாலித் தைலம், செண்டு பாட்டில், பால் பவுடர், பூப்போட்ட கம்பளி. என் மாமா ஒருவர்தான் அதை மீறினார். அந்த வருஷம் அவர் பெட்டியைத் திறந்தபோது, சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் கண்டது வெறும் பஞ்சுச் சுருள்கள். ஒரு சுருளைப் பிரித்தால் உள்ளே என் சுண்டுவிரலில் பாதி உயரத்துக்கு ஒரு சிப்பாய். அடுத்ததில் இன்னொருவன். அதற்கடுத்ததில் குதிரையோடு ஒருவன். "இதுக்குத்தான் பிளைட்டு ஏறிப் போனானாக்கும்" என்று பெரியம்மா கேட்டுவிட்டு, பெட்டியில் இருந்த ஒரே தைல பாட்டிலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எனக்கோ வாய் மூடவில்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் மீசை இருந்தது. சட்டைப் பொத்தான் இருந்தது. குதிரையின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது, அது என்னைப் பார்ப்பதுபோலவும் இருந்தது. எல்லாம் மாமா தன் கையால் வர்ணம் தீட்டியவை. துபாயில் இப்படிப்பட்ட போர் பொம்மைகள் விற்கும் கடையில்தான் அவருக்கு வேலை. அங்கே பெரிய பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை வந்து, மேஜையில் பட்டாளத்தைப் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். மாமா சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நான் மட்டும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, குதிரை பார்க்கிறதே.

மாடி அறையில் பழைய கதவுப்பலகையை இரண்டு பெஞ்சுமேல் போட்டு, பச்சைப் போர்வையை விரித்து, அடியில் தலையணைகளைச் சொருகினார். மலை வந்துவிட்டது. நீலத் துணிக் கிழிசல் ஆறானது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து மரங்கள் நட்டார். ஒரு பக்கம் பீரங்கியும் துப்பாக்கியும் வைத்த செஞ்சட்டைப் பட்டாளம். எதிரே ஈட்டியும் குதிரையுமாய், மாமாவே தலைப்பாகை வரைந்து பாளையத்து ஆட்களாக மாற்றிய பட்டாளம். விளையாட்டுச் சாமான் என்று அதை என்னால் சொல்ல முடியவில்லை. அறைக்குள் செருப்போடு நுழையக்கூடத் தோன்றவில்லை.

விளையாட இரண்டு வகை விதிகள் இருந்தன. ஒன்று, மாமா கொண்டுவந்த விதிப் புத்தகத்தின் கடைசித் தாளில் சிறுபிள்ளைகளுக்கென்று அச்சடித்தது. பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் எதிராளி காலி, எடுத்து ஓரமாய் வை, அவ்வளவுதான். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. டீ ஆறுவதற்குள் ஒரு யுத்தம் முடியும். மற்றது அந்தத் தாளுக்கு முன்னால் இருந்த மொத்தப் புத்தகமும். ஏறத்தாழ ஒரு செங்கல். அதன்படி மேடேறினால் சிப்பாய்க்கு மூச்சு வாங்கும். பக்கத்துப் படை ஓடினால் இவனுக்கும் கால் நடுங்கும்; பகடை போட்டுப் பார்த்துத்தான் நிற்பானா ஓடுவானா என்று தெரியும். மழை பெய்தால் வெடிமருந்து நனைந்து துப்பாக்கி சுடாது. ஈயப் பொம்மைக்குப் பயம் வரும் என்று முதன்முதலாகக் கேட்ட அன்று எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. ஆனாலும் விளையாட என்னவோ சின்னத் தாள்தான் வசதி. மாமாவுக்குச் சின்னத் தாள் என்றாலே இளப்பம். "அது மூக்கொழுகுத பயலுவ ஆட்டம்டி" என்பார். மூக்கைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

பெரிய புத்தகத்தில் மாமா ஒரே ஒரு விதியைத்தான் மாற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் மேஜைமேல் மழையா வெயிலா என்று பகடை போட வேண்டும் என்றிருந்தது. அது ஆனி மாசம், சாரல் நேரம். "குத்தாலத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு வானத்துக்குப் பகடை போட்டாச் சிரிப்பானுவ. ஜன்னலைப் பாரு. வெளிய பெஞ்சா இங்கனயும் பெய்யுது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் போர்வை ஆற்றின்மேலும் மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்க ஆரம்பித்தது. வெளியே ஓடு நனையும் சத்தம் கேட்டால் உள்ளே பீரங்கிகள் ஊமையாகும். எனக்கு அது மந்திரவித்தைக்கு மேலாக இருந்தது. அறைக்கு வெளியே மொட்டைமாடிக் கொடியில் துணி எடுக்க உம்மா ஓடி ஓடி வருவாள். எங்கள் கூத்தைக் கேட்டுக்கொண்டே மடிப்பாள்.

லீவு முடிய ஆரம்பித்ததும் உம்மாவின் முகம் மாறியது. மாமா உம்மாவின் தம்பி. அவர்களுடைய உம்மா இறந்தபோது மாமா பள்ளிக்கூடத்துப் பையன். எடுத்து வளர்த்தது என் உம்மாதான். இனி அவர் போகக்கூடாது, தென்காசி பஜாரில் வாப்பாவின் ஜவுளிக்கடைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் காலியாகிறது, அதில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. தினமும் சோறு போடும்போது அதைப் பேசுவாள். மாமா தினமும் ரசத்தைப் புகழ்வார். ஒருநாள் ரசமும் தீர்ந்துபோக, தப்பிக்க வழியில்லாமல் அக்காவைப் பார்த்து, "லாத்தா, யுத்தத்துல என்னைய ஜெயிச்சிரு. நான் போகல" என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னது. வாப்பா சிரிக்கவும் செய்தார். உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சொன்ன வாக்கு மாறமாட்டியேலே?" என்று கேட்டாள். மாமாவும் மாறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று நான் உம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினேன். பெரிய புத்தகத்தில் மாமாவை ஜெயிக்க முடியாது, சின்னத் தாளில் என்றால் பகடை விழுந்தால் போதும், சின்னத் தாளையே கேள் என்று. மாமாவே பெருந்தன்மையாக, "லாத்தாவுக்குச் சின்னதே வச்சுக்கிடுவோம்" என்றார். உம்மாவா கேட்பாள்? "பெரிய புஸ்தகத்துல உள்ளபடிதான். ஒண்ணும் விடக்கூடாது. ஜன்னலும் சேத்தி" என்றாள். மாமா போயே போய்விட்டார் என்று எனக்கு அழுகை வந்தது.

மாமா வழக்கம்போலப் பீரங்கிப் பட்டாளத்தை எடுத்தார். உம்மாவுக்குத் தலைப்பாகைக்காரர்கள். ஆரம்பத்தில் நல்ல வெயில். மாமாவின் பீரங்கிகள் உம்மாவின் முன்வரிசையைப் பிய்த்து எறிந்தன. உம்மா பதறவில்லை. மிச்சமிருந்த ஆட்களைத் தையல் மிஷின் இஞ்சு டேப்பால் அளந்து அளந்து தலையணை மலைக்குப் பின்னால் நகர்த்தினாள். அங்கே குண்டு எட்டாது. பிறகு வெளியே போய் மலைமுகட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். யோசிக்கிறாளாம். அந்தச் செங்கல் புத்தகத்தில் எத்தனையோ இருந்தது, ஒருவர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பது மட்டும் இல்லை.

முகட்டை மேகம் மறைத்தால், கொடியில் கிடக்கும் இரண்டு சாரத்தை எடுத்து மடிக்கிற நேரத்துக்குள் எங்கள் மாடிக்குச் சாரல் வரும். எங்கள் தெருவில் துணி காயப்போடுகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். பாலைவனத்தில் அத்தனை வருஷம் இருந்த மாமாவுக்கு மறந்துவிட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் தூற்றல் பட்டதும் உம்மா குதிரைகளை மலைக்கு வெளியே விட்டாள். மாமாவின் துப்பாக்கிகள் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றன. வெயில் திரும்புகிற சமயத்தில் குதிரைகள் நார் மரங்களுக்குள் புகுந்துவிட்டன. உம்மா மறுபடியும் யோசிக்க ஆரம்பித்தாள். நடுவில் எழுந்துபோய்க் குழம்பு வைத்துவிட்டு வந்தாள்.

அப்படியே சாயங்காலம்வரை. வெயிலுக்கு ஒளிந்து, சாரலுக்கு நகர்ந்து, அந்தத் தலைப்பாகைக்காரர்கள் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். வானம் மொத்தமும் இறங்கிவந்து என் உம்மாவின் பக்கம் நின்று சண்டை போடுவதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கடைசிச் சாரல் பலமாகப் பிடித்தது. குதிரைகள் பீரங்கிக்கு முன்னால் வந்து நின்றன. சுட முடியாத பீரங்கிக்காரர்கள் நிற்பார்களா, ஓடுவார்களா? மாமா பகடையை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் குலுக்கினார். ஒன்று விழுந்தது. அவர்கள் ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களும் ஓடினார்கள். செஞ்சட்டைத் தளபதி ஆற்றங்கரையில் தனியாக நின்றான். உம்மா ஒரு குதிரையை நகர்த்தி அவன் பக்கத்தில் வைத்தாள். தளபதி பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

நான் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன்.

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி லாத்தா. இருந்துக்கிடுதேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மருந்து குடிக்கச் சொன்னால் குடித்துவிடுகிற பிள்ளைமாதிரி சொன்னார். சொல்லிவிட்டுப் பஞ்சை எடுத்து ஒவ்வொரு சிப்பாயாகச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுவதற்குமுன் ஒவ்வொன்றின் முகத்தையும் விரலால் துடைத்தார். துபாயில் அவருக்குக் கடையில் ஒரு பகுதியையே ஒப்படைக்கப் போகிறார்கள் என்பதை அப்போதுதான் சொன்னார், அதுவும் பொம்மையைப் பார்த்துத்தான் சொன்னார். உம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சது நாந்தானலே?"

"நீதான் லாத்தா."

"அப்ப நான் சொல்லுதபடிதான கேக்கணும். போயிட்டு வா."

உம்மா இஞ்சு டேப்பைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே இறங்கிப்போனாள். மாமா ஒரு சிப்பாயைக் கையில் வைத்தபடியே நின்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாள் முழுக்க அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். ஜெயித்ததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது? அந்தப் புத்தகத்தை எடுத்து, என் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தேடினேன். குதிரைக்குக் களைப்பு வந்தால் என்ன செய்வது என்று இருந்தது. சேற்றில் பீரங்கிச் சக்கரம் மாட்டினால் என்ன செய்வது என்று இருந்தது. இது இல்லை. அடுக்களைக்குப் போய், "உம்மா, அப்படி ஒரு ரூலே கிடையாது" என்றேன். அவள் மாமா கொண்டுபோக மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். "மாமாவுக்கு டீ குடுத்துட்டு வாட்டி" என்றாள்.

டீயை வாங்கிக்கொண்டு மாமா ரகசியமாக, "உங்க உம்மா அழுதாளா?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அழவில்லை, பாக்கெட் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. மாமா டீயை அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் முழுக்கதையும் சொன்னேன். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்ததில் எங்கள் உம்மாவுக்குத் தம்பிமேல் அவ்வளவாகப் பிரியமில்லை என்றுதான் தெரிகிறது என்றேன். அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றாள்.