தூக்குக்கயிறு போட்ட பேனர்

வில்லாபுரத்தில் நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் வாசகம் என்னுடையதுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எழுதப் பழகினேன்.

பக்கத்துத் தெருவில், பொதுச்சுவர் தகராறில், அண்ணன் தம்பி இருவரையும் பட்டப்பகலில் வெட்டிப் போட்டான் அடுத்த வீட்டுக்காரன். அவர்களுக்கு அஞ்சலி பேனர் அடித்தது நான்தான். வழக்கு நடந்து, போன வருஷம் அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அன்று மாலையே இறந்தவர்களின் கூட்டாளிகள் கடைக்கு வந்துவிட்டார்கள். தீர்ப்புக்கு நன்றி சொல்லி பேனர் வேண்டுமாம்.

டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் வாயை அடக்கவில்லை. "ஏம்ப்பா, தொங்க விட்டா போன ரெண்டு உசுரும் எந்திரிச்சு வந்துருமா?"

"அதுக்கு?" என்றான் கூட்டாளிகளில் ஒருவன். "ஜெயில்ல உக்கார வச்சு ஞாயித்துக்கிழமை கறிச்சோறு போடச் சொல்றீகளாண்ணே?"

"ஆளு மாறித் தொங்க விட்டுட்டா என்ன செய்வீக? அப்புறம் எறக்க முடியுமா?"

"தெருவே பாத்துச்சுண்ணே. நீங்க டீயை ஆத்துங்க."

எல்லோரும் சிரித்தோம். நான் பையன்கள் கட்சி. "மாப்ள, கயிறைப் பெருசாப் போடுவோம்டா" என்றவனே நான்தான். பழைய அஞ்சலி ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டு முகங்களையும் அப்படியே விட்டு, நடுவில் இருந்த குத்துவிளக்கை எடுத்துவிட்டுச் சுருக்குக்கயிற்றை வைத்தேன். அன்று ராத்திரியே தெருமுனையில் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால், இறந்துபோன அண்ணன் தம்பியின் அம்மா நிற்கிறார்.

"பேனர் அடிச்சது நீதானா தம்பி?"

"ஆமாக்கா. நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன். கேட்டேனே, பாவி.

"எம்புள்ளைக மூஞ்சிக்கு நடுவுல சுருக்கைத் தொங்க விட்டுருக்கியே, அம்புட்டு அழகா வந்திருக்கு. எறக்கு."

"தூக்குக் குடுக்கணும்னு கோர்ட்டுல அழுதது நீங்கதானேக்கா?"

"அழுதேன். இன்னைக்கும் அவன் சாகணும்னுதான் கெடக்கேன். மேல்கோர்ட்டு என்ன சொல்லுதோ சொல்லட்டும். அவன் மக நாலாவது படிக்குது. பேனரைப் பாத்துட்டுப் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு பையோட வாசப்படியில உக்காந்துருக்கு. தெருவுக்கு வேற வழி இருக்கா? மணி அடிக்கிறதுக்குள்ள எறக்கு தம்பி."

கொன்றவனின் மகளுக்காக வந்திருக்கிறார் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. தூக்குக்கயிற்றை வைத்தபோது அந்த வீட்டில் ஒரு குழந்தை இருப்பது என் நினைப்பில் வரவே இல்லை. தினமும் என் கடையைத் தாண்டிப் போகிற குழந்தைதான்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூட்டாளிகள் வந்து மறித்தார்கள். "யாரைக் கேட்டு எறக்குறீக? கட்டுனது நாங்க!"

"பெத்தது நான்டா" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், ஏணியை விட்டு விலகிப் போனார்கள்.

மேலே ஏறி, பேனர் கட்டியிருந்த கயிற்றை அறுக்க இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தேன். கீழிருந்து அலறல் வந்தது.

"தம்பி, கத்தி வேணாம்! எம்புள்ளைக பக்கத்துல கத்தியைக் கொண்டு போகாத!"

அந்த முகங்களுக்கு அடுத்தாற்போல் கத்தி பிடித்திருந்த என் கையை அப்போதுதான் பார்த்தேன். கத்தியைக் கீழே நழுவ விட்டேன். நைலான் கயிறு இறுகிப் போயிருந்தது, நகம் பிய்ந்தது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன்.

பேனர் இறங்கியதும், முகங்கள் உள்ளே போகும்படி அவரே சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். சிறுமி சுவரோரமாக வந்தாள். வெறும் கம்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, பை முதுகில் குதிக்க ஓடினாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை. மூடிய கடை ஒன்றின் ஷட்டரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"போயிருச்சா?" என்று கேட்டார்.

"போயிருச்சுக்கா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் திரும்பினார்.