காலை ஆறே முக்காலுக்கு எல்லோரும் ஆர்வமாக இருந்தார்கள்

ஆர்வத்தை அளக்க முடியும் என்று சொன்னவர்களை நான் நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன் என்பதுகூடப் பொய்தான். சம்பளம் கொடுக்கிறார்கள், அளக்கச் சொன்னார்கள், அளந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் எங்கள் அலுவலகம். நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நிறுவனம் பசுமைக்கு மாற வேண்டுமாம். ஊழியர்கள் அதில் எவ்வளவு ஆர்வமாகக் கலந்துகொள்கிறார்கள் என்று மாதாமாதம் அளந்து எழுத வேண்டுமாம். வேறு யார் தலையில் கட்டுவார்கள்? என் பதவி உயர்வு இந்த அறிக்கையில்தான் தொங்குகிறது என்று துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் அப்படியே நடக்கும்.

பான்ட்ரியில் மூன்று தொட்டிகள் வைத்தோம். காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு, கண்ணாடிக்குப் பழுப்பு. சுவரில் ஒரு சின்ன இயந்திரம். ஆளுக்கொரு பச்சை அட்டை கொடுத்தோம். குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டு அட்டையைத் தட்டினால் ஒரு புள்ளி. நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு அட்டை. முதல் வாரம் ஒரே கூட்டம், ஒரே செல்ஃபி. இரண்டாம் வாரம் அட்டைகள் மேசைத் தடுப்பில் ஊசி குத்தித் தொங்கின. பட்டம் வாங்கிய ஜனங்கள், தே ஐஸ் என்கிற குளிர்தேநீர் குடித்த பிளாஸ்டிக் பையை மிச்ச ஐஸோடு நீலத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். காகிதமெல்லாம் நனைந்து கூழானது.

மூன்றாம் மாதம் புள்ளிகள் திடீரென்று ஏறின. சும்மா ஏறவில்லை, எல்லோருக்கும் ஏறின. குப்பைத் தொட்டியைத் திரும்பிப் பார்க்காத கணக்குப் பிரிவுக்காரருக்குக்கூடத் தினமும் ஒரு புள்ளி. நான் முதலில் பூரித்துத்தான் போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். எல்லா அட்டைகளும் காலை ஆறே முக்காலையொட்டித் தட்டப்பட்டிருந்தன. எங்கள் அலுவலகம் எட்டரைக்குத்தான் திறக்கும். தட்டிய வரிசையோ நாங்கள் உட்காரும் வரிசை. வாசலோரம் இருப்பவர் முதலில், ஜன்னலோரம் இருப்பவர் கடைசியில்.

அந்த நேரத்தில் மாடியில் இருப்பது ஒரே ஆள். துப்புரவு வேலை செய்யும் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், கிள்ளானிலிருந்து முதல் கொமுட்டர் ரயிலில் வருவார். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் என்பதால் எங்கள் ஊழியர் பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்குப் பச்சை அட்டையும் இல்லை. மறுநாள் நான் சீக்கிரமே போய் நின்றேன். கையுறை போட்டுக்கொண்டு நாசி லெமாக் சோறு கட்டிய பொட்டலத் தாளை நீலத் தொட்டியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு.

“கணக்கு டிபார்ட்மெண்ட் அண்ணன்தான் முதல்ல கேட்டாருமா. ‘அக்கா, நீங்கதானே பிரிக்கிறீங்க, என் கார்டையும் ஒரு தட்டு தட்டிடுங்க லா’ன்னாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா சொன்னாங்க. சாயங்காலம் அங்கங்கே தொங்கவிட்டுட்டுப் போயிடுவாங்க, காலையில நான் வரிசையா எடுத்துத் தட்டிட்டு மாட்டிடுவேன். தப்பாம்மா? நிறுத்திடவா?”

அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். “இல்லக்கா, அப்படியே செய்ங்க” என்றேன். அந்த மாத அறிக்கையில் நேரம் காட்டும் பகுதியை எடுத்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போயிற்று.

அந்த அக்கா ஏன் இந்தக் கட்டடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத் தெருமுனையிலேயே அதற்கான நிலையம் இருந்தது. விடியற்காலையில் அவரை அங்கே விட்டுவிட்டு அக்கா வேலைக்கு வருவார். பதினொரு மணி வாக்கில் ஓய்வு நேரத்தில் ஓடிப்போய், தள்ளாடுகிற மனிதரைத் தோளில் தாங்கி எங்கள் லாபிக்குக் கூட்டிவந்து சோபாவில் உட்கார வைப்பார். காவலாளி ஒன்றும் சொல்லமாட்டார். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் ஒன்றாக ரயிலேறுவார்கள். சுத்திகரித்த நாளில் அவரைத் தனியாக அனுப்ப முடியாது, தலைசுற்றி விழுந்துவிடுவார்.

நிறுவனத்தின் எல்லா அலுவலகங்களிலும் எங்கள் மாடிதான் புள்ளியில் முதலிடம் வந்தது. கேக் வெட்டினார்கள். மேலே பச்சை இலை, கீழே பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி. எனக்குச் சான்றிதழ். கைதட்டி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு, அத்தனை கரண்டியையும் கழுவி ஆரஞ்சுத் தொட்டியில் போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் துறைத் தலைவர் என் வரைபடத்தையே திரையில் போட்டார். “பாத்தீங்களா, ஸ்டாஃப் எல்லாம் தாங்களே பிரிச்சுப் போடுறாங்க. இதுதான் ரியல் சேஞ்ச். அப்புறம் எதுக்கு நமக்குன்னு காலையில தனியா ஒரு ஆளு? சாயங்காலம் பில்டிங் ஆளுங்க வந்து பெருக்கினா போதும் லா.” கணக்குப் பிரிவுக்காரர் தலையாட்டினார். மேசையைச் சுற்றி அக்காவைத் தட்டச் சொன்னவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள், நான் எண்ணிப் பார்த்தேன். ஒருவர் வாயும் திறக்கவில்லை. என் வாய் மட்டும் என்ன தைத்தா வைத்திருந்தது? நானும் திறக்கவில்லை.

குத்தகைக்காரர் அக்காவை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றினார். கிள்ளானிலிருந்து ரயில் மாறிப் போய், அப்புறம் வேன் பிடிக்க வேண்டும். வேலைக்கு நடுவில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. விஷயம் தெரிந்த அன்று என் மேசைக்கு வந்து நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஸ்டாஃபே பிரிக்கிறாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. யாரு தட்டுறான்னு உங்ககிட்ட சொன்னேனேம்மா. நீங்க சொல்லியிருக்கலாமே. அவர யாரு கூட்டிட்டுப் போவா?”

“நான் பேசிப் பாக்குறேன்க்கா” என்றேன்.

பேசவும் போனேன். துறைத் தலைவரின் அறைக்குள் நின்று அக்காவின் கணவரைப் பற்றி, லாபி சோபாவைப் பற்றி, தலைசுற்றலைப் பற்றியெல்லாம் சொன்னேன். அட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. என் பதவி உயர்வுக் கடிதம் அப்போது அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் உச்சுக் கொட்டினார். “பாவம்தான். ஆனா தேவையில்லாத ஆள எப்படி வெச்சுக்கறது? ஸ்டாஃபே செய்யறாங்கன்னு காட்டினது உங்க நம்பர்தானே?” என்றார். ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சீ, என்ன பிழைப்பு என்று கழிப்பறையில் முகத்தைக் கழுவிக்கொண்டே என்னை நானே திட்டினேன். திட்டி என்ன? வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

அக்கா போன மறு வாரம் மூன்று தொட்டியும் நாறின. நீலத்தில் கோழி எலும்பு. புள்ளி சரிந்து தரையைத் தொட்டது. “மோட்டிவேஷன் குறைஞ்சிருச்சு” என்று துறைத் தலைவர் கண்டுபிடித்தார். ஊக்கப்படுத்த ஒரு போஸ்டர் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

ஆறேழு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் சென்ட்ரலுக்குள் சாப்பிடப் போனபோது கொமுட்டர் நடைமேடைக்கு இறங்கும் இடத்தில் அக்காவின் கணவரை, அந்த அங்கிளைப் பார்த்தேன். தூணில் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யாருமில்லை. பார்க்காததுபோல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

“வாங்கம்மா, சாப்பிட்டாச்சா? நான் இப்ப தனியாத்தான் வந்துட்டுப் போறேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, தலைசுத்தல் நின்னதும் ரயில் ஏறுவேன். போன வாரம் இங்கேயே விழுந்துட்டேன். ஒரு மலாய்க்கார அம்மா தண்ணி கொடுத்து உக்கார வெச்சாங்க.” புருவத்துக்கு மேல் காய்ந்துபோன காயத்தைத் தொட்டுக் காட்டினார். “அது கிடக்கட்டும். அவளுக்கு நல்லது நடந்துச்சே, அது போதும். நல்லா வேலை செய்யறவங்களாப் பார்த்துத்தான் பெரிய இடத்துக்கு அனுப்புறாங்களாமே? நீங்கதான் அவளப் பத்தி ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தீங்கன்னு சொன்னா.”

அக்கா அவரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். என்னைத் திட்டித் தீர்க்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. தன்னால்தான் மனைவிக்குக் கஷ்டம் என்று இந்த மனிதர் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அக்காவின் கவலை.

ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கையால் அவர் என் கையைப் பிடித்தார். “ரொம்ப நன்றிம்மா” என்றார்.

“ஆமா அங்கிள், நான்தான் எழுதினேன்” என்றேன்.