என் விலாசத்தில் பவுனம்மா

போன வாரம் எங்கள் மாடிப்படிக் கம்பிக்குப் பெயின்ட் அடித்தவர், பிரஷ் கழுவ எங்கிருந்தோ ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் மூன்றாம் மாடிவரை வாடை. வீட்டில் எல்லோரும் ஜன்னலைத் திறக்க ஓட, நான் மட்டும் வாசலில் நின்று இழுத்து இழுத்து மோந்துகொண்டிருந்தேன். ஐம்பது தாண்டியவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். எனக்கு அந்த வாடை என்றால் பவுனம்மா அக்கா.

அப்போது நான் தெருவோரம் குடியிருப்பவர்களுக்கு வீடு கேட்டு மனுப் போடும் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் இருந்தேன். ஆபீஸ், அடையாறில் ஒரு புண்ணியவான் கொடுத்த கார் ஷெட். மழை வந்தால் மனுக்களுக்கு நாங்கள் குடை பிடிப்போம். எனக்கிருந்த ஒரே தகுதி, எதற்கெடுத்தாலும் பதறுவது. பதறுகிறவன் சுறுசுறுப்பானவன் மாதிரித் தெரிவான். அதை வைத்தே பல வருஷம் ஓட்டினேன்.

பவுனம்மா தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி, பிளாஸ்டிக் ஷீட் கட்டிக் குடியிருந்தார். மண்டபத்தில் அண்டா தேய்க்கிற வேலை. கணவர் கன்னியப்பன், சுமை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பவர். ரேஷன் அட்டை இல்லாததால் கிருஷ்ணாயில் கிடையாது. மண்ணெண்ணெயை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அட்டை கேட்டால் விலாசம் கேட்டார்கள். சுவருக்கு ஏது கதவிலக்கம்?

மயிலாப்பூரில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் விலாசத்தை மனுவில் எழுதிவிட்டேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

வந்து பார்க்கப் போவதாகத் தகவல் வந்தது. பதறிக்கொண்டு தி.நகருக்கு ஓடினேன். பவுனம்மா அலட்டிக்கொள்ளவில்லை. சொன்ன நாளன்று காலை எட்டரைக்கே வண்டியில் அடுப்பு, குண்டான், சாமி படம் எல்லாம் வந்து இறங்கின. அரை மணியில் கொடியில் புடவை, அடுப்பில் உலை, என் புரட்சிப் புத்தகங்களெல்லாம் பாய்க்கடியில். கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமா படியேறி வந்தார்.

“என்னடா இது, ஆத்துல கெரசின் நாத்தம் குடலைப் பிடுங்கறது! யாரு இவாள்லாம்?”

“ஒரே ஒரு மணி நேரம், மாமா.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. யாராவது கேட்டா நான் பூஜைல இருக்கேன்” என்று இறங்கிப் போய்விட்டார்.

அதிகாரி வந்தார். உலையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “நீங்க யாரு?”

ஒத்திகை பார்த்த பதில் நாக்கிலேயே ஆவியாகிவிட்டது. “நானா? நான் இங்க இல்லீங்க” என்றேன். நின்றது என் அறையில். கட்டியிருந்தது லுங்கி.

பவுனம்மா குறுக்கே புகுந்தார். “எங்க ஊட்டுக்காரரோட கூட்டாளி சார். வேல வெட்டி இல்லாம சுத்திக்கினு கீது. சோத்துக்கு வந்துக்கீது. இன்னா நைனா, பராக்குப் பாத்துக்கினு? குந்து, கஞ்சி ஊத்துறேன்.”

குந்தினேன். குடித்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அட்டை வந்த அன்று கார் ஷெட்டில் எனக்குக் கைதட்டினார்கள். அட்டைக்கான கடை மயிலாப்பூரில். கேனோடு வரும்போதெல்லாம் பவுனம்மா கீழே தெருவிலிருந்து குரல் கொடுப்பார்: “இன்னா கூட்டாளி, சோறு துன்னியா?”

பிறகு, நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது நடந்தது. சுவரோரக் குடும்பங்களுக்கு வீடு என்று கணக்கெடுக்க வந்தார்கள். ஒரு காகிதமும் இல்லாதவர்களுக்கெல்லாம் டோக்கன் கிடைத்தது. பவுனம்மாவின் அட்டையை வாங்கிப் பார்த்தவர், “உங்களுக்குத்தான் மயிலாப்பூர்ல மாடி வீடு இருக்கேம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏறாத ஆபீஸ் இல்லை. விலாசம் பொய் என்று எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார்கள். எழுதினால் பவுனம்மாமேல் கேஸ் வரலாம், என்மேலும் வரலாம். இரண்டாவதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போய்ச் சொன்னேன். பவுனம்மா சாம்பல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “உன் ஊடுதான் என் ஊடுன்னு அட்டையில போட்டுக்கீது இல்ல? சாவியக் குடு நைனா.”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். நீட்டிய கையை அவர் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

மற்றவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். அங்கே பிழைப்பு இல்லை என்று சிலர் திரும்பி வந்ததாகக் கேள்வி. வந்தவர்களுக்கு ஒட்டிக்கொள்ளச் சுவர் இல்லை. மண்டபத்தை இடித்துத் துணிக்கடை கட்டிவிட்டார்கள். இடிக்கும்வரை பவுனம்மாவும் கன்னியப்பனும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். நான் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டேன். சம்பளமெல்லாம் பரவாயில்லை.

ஒருமுறை தேடிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். அவருடையது என்று என்னிடம் இருந்த ஒரே விலாசம் என் பழைய அறையினுடையது. அந்த வீடும் போய், அங்கே அடுக்குமாடி நிற்கிறது. காவலாளி எந்த பிளாட் என்று கேட்டார்.