கும்பிடு போட்ட கார்

ஒன்பது வயதில் நான் ஒரு கார் விற்கப் போனேன். வாங்க வந்தவர் இன்னமும் அதை யாருக்காவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கார் அப்பாவுடையது. யப்பான் தயாரிப்பு, வெள்ளை நிறம், என்னைவிடப் பத்து வயது மூத்தது. எங்கள் வீடு ஹந்தானை ஏற்றத்தில். அப்பாவுக்கு நகரசபையில் வேலை. கார் கந்தோருக்குப் போன நாட்களைவிடக் பழுது பார்க்கக் கராஜில் கிடந்த நாட்கள் அதிகம் என்பதால், விற்றுவிடுவதென்று அப்பா தீர்மானித்தார். விற்றால் எனக்கொரு சைக்கிள் என்றார். அந்த நிமிடமே காரை விற்பது என் பொறுப்பாகிவிட்டது.

அம்மாவின் கதை வேறு. புசல்லாவையில் தாத்தா பாரிசவாதத்தில் படுத்துக் கிடந்தார். ஞாயிறு தவறாமல் அந்தக் காரில்தான் போய்ப் பார்த்து வருவோம். பஸ் ஏறினால் கம்பளை வருவதற்குள் அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும். "கார் போனா நான் எப்படிங்க எங்கப்பாவப் போய்ப் பார்ப்பேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"பஸ்ஸுல ஊரே போகுது" என்றார் அப்பா.

பேச்சு அத்தோடு முடிந்தது என்று வீட்டிலிருந்த ஆண்கள் இருவரும் நினைத்தோம்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் கார் பார்க்க வந்தார். கூடவே ஒரு பாஸ். பழைய கார் வாங்கப் போகிறவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரை அழைத்துப் போவது, பெண் பார்க்கப் போகையில் பெரியம்மாவைக் கூட்டிப் போவது மாதிரி. குறை கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அம்மா எனக்கு நல்ல சட்டை மாட்டி, தலை சீவி, பவுடர் பூசி, பாஸுக்குப் பக்கத்தில் பின் சீட்டில் ஏற்றிவிட்டார். "காரப் பத்தி ஒனக்குத்தானே எல்லாம் தெரியும். நானாகிட்ட ஒண்ணு விடாம சொல்லு ராஜா" என்றார்.

அப்பா கெட்டிக்காரர். பள்ளமே இல்லாத வாவிக்கரை வீதியில், ரேடியோவைச் சத்தமாக வைத்து, மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டினார். பாஸ் அரைத் தூக்கத்தில் இருந்தார். யாருமே காரைப் புகழவில்லை. சைக்கிள் கைநழுவிப் போவது எனக்குத் தெரிந்தது.

"அங்கிள், எங்க கார் சாமி கும்பிடும்" என்று ஆரம்பித்தேன். "பிரேக் போட்டா மூக்கு தரையில முட்டுற மாதிரி குனியும்."

பாஸின் கண் திறந்தது. ரேடியோவை நிறுத்திவிட்டு, பிரேக் போடச் சொன்னார் நானா. கார் பக்தியோடு கும்பிட்டது.

"மாஷா அல்லாஹ். வேற என்ன செய்யும் மகன்?"

"ஸ்டியரிங்க விட்டா தானாவே எடது பக்கம் திரும்பும். பள்ளத்துல விழுந்தா கடக் கடக்குன்னு பேசும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அம்மா டீ ஊத்துவாங்க. இந்த ரோட்ல பேசாது அங்கிள், எங்க வீட்டு ரோட்டுக்குப் போகணும்."

பின்னாலிருந்து பார்க்க அப்பாவின் காதுகள் சிவந்திருந்தன. வெயில் என்று நினைத்தேன்.

எங்கள் ஏற்றத்தில் கார் வாய் ஓயாமல் பேசியது. வாசலில் இறங்கியதும் பாஸ் பொனட்டின் மூலையை ஓர் அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். கார் ஆடியது. நான் உரக்க எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு! "பக்கத்து வீட்டுக் கார் ஒரு தடவ எழும்பி நின்னுரும். சோம்பேறி" என்றேன். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கைத் தலை போல வழவழப்பாக இருப்பதையும் விடவில்லை; பாஸின் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்க வைத்தேன்.

"ஷொக் இவரய்" என்றார் பாஸ். ஷொக் அப்சோபர்களின் கதை முடிந்தது என்று சிங்களத்தில் மரண அறிவித்தல். பிறகு, கீழே இருக்கிற புஷ், ஜொயின்ட் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்.

நானா அம்மா கொடுத்த தேத்தண்ணியை நிதானமாகக் குடித்தார். "யோசிச்சுச் சொல்றேன் சேர்" என்று அப்பாவின் கையைக் குலுக்கினார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "மகன், நீங்க பெரிய பாஸா வருவீங்க" என்றார். நான் இன்று வங்கியில் வேலை செய்கிறேன். என் காரில் என்ன சத்தம் கேட்டாலும் ரேடியோவைக் கூட்டி வைப்பதோடு சரி.

அவர்கள் போனதும் அப்பா கேட்டார்: "இவன யாரு கார்ல ஏத்துனது?"

"சின்னப் புள்ளதானே, ஆசப்பட்டு ஏறிட்டான். விடுங்க" என்றார் அம்மா, குசினியிலிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அடி விழாமல் காப்பாற்றத்தான் அம்மா பொய் சொல்கிறார் என்று நன்றியோடு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. புசல்லாவைக்குப் புறப்பட்டோம். வழக்கமாக ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அய்யோ என் இடுப்பு" என்கிற அம்மா, அன்று முன் சீட்டில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கம்பளையில் காரை நிறுத்தச் சொல்லி, எனக்கு மட்டும் இரண்டு கட்லட் வாங்கிக் கொடுத்தார் அம்மா. சைக்கிள் போன துக்கத்தை அவராவது புரிந்துகொண்டாரே என்று, கண்ணில் நீர் முட்ட, இரண்டையும் தின்றேன்.